செயலி வடிவமைப்பில் கோளாறா? அறிகுறியிலிருந்து பழுதுக்குப் போகும் வழி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருந்துகொண்டு சிறு தேயிலை விவசாயிகளுக்கோ, தேயிலைத் தொழிற்சாலைக்கோ, விருந்தினர் தங்கும் வீடுகளுக்கோ செயலியும் இணையதளமும் செய்துகொடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

பயனர் அனுபவ வடிவமைப்புக்கு ஒரு வழிமுறை உண்டு என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். பிரிட்டனின் டிசைன் கவுன்சில் 2005-இல் அதை 'இரட்டை வைரம்' என்று படமாக வரைந்தது. ஐஎஸ்ஓ 9241-210 என்ற தரநிலை 2010-இல் வந்து 2019-இல் திருத்தப்பட்டது. படங்கள் வேறானாலும் சாரம் ஒன்றுதான். முதல் படி, பயன்படுத்துபவரையும் அவருடைய சூழலையும் நேரில் பார்ப்பது. இரண்டாவது, பிரச்சினை இன்னதென்று எழுதுவது. மூன்றாவது, பல தீர்வுகளை வரைந்து பார்ப்பது. நான்காவது, முன்மாதிரி செய்து ஆளிடம் கொடுத்துச் சோதிப்பது. ஐந்தாவது, வெளியிட்டு அளப்பது. இதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவது சுலபம். வேலை நடுவில் கெட்டுப்போகும்போது எந்தப் படிக்குத் திரும்புவது என்பது மட்டும் அந்தச் சுவரொட்டியில் இருக்காது.

ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கோளாறு எந்தத் திரையில் தென்படுகிறதோ அங்கே பழுது பெரும்பாலும் இருக்காது. அதற்கு முந்தைய ஏதோ ஒரு படியில்தான் இருக்கும். அந்தப் படிக்கு மட்டும் திரும்பிப் போய், அதைச் சரியாகச் செய்துவிட்டு, அங்கிருந்து மறுபடி முன்னால் வாருங்கள். எல்லாவற்றுக்கும் முதலிலிருந்து தொடங்குவது காசுக்கும் காலத்துக்கும் கேடு. திரைக்கு நிறம் மாற்றிச் சமாளிப்பது அதைவிடக் கேடு.

சோதனையில் எல்லோரும் பாராட்டினார்கள். வெளியிட்ட பிறகு யாரும் திறக்கவில்லை

எங்கும் வரும் கோளாறுதான், நம் மலையில் கொஞ்சம் அதிகமாகவே வரும். ஒரு ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, போய், வாசலில் உட்கார்ந்து, கைபேசியை நீட்டி "எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் தேநீர் வரும். பிறகு "நன்றாக இருக்கிறது தம்பி" என்ற பதில் வரும். வீடு தேடி வந்த பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அந்த உபசார வார்த்தையை 'பயனர்களிடம் நல்ல வரவேற்பு' என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளும் குழு, அடுத்த மாதப் பயன்பாட்டுக் கணக்கைப் பார்த்து விழிக்கும்.

பழுது நான்காம் படியில் இருக்கிறது. சோதனை என்ற பெயரில் கருத்துக் கேட்டிருக்கிறீர்கள்.

கருத்துக் கேட்பதை நிறுத்திவிட்டு வேலை கொடுங்கள். "செவ்வாய்க்கிழமை நீங்கள் கொடுத்த இலைக்கு எத்தனை கிலோ போட்டிருக்கிறார்கள் என்று இதில் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா" என்று கேட்டுக் கைபேசியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் கையை மடிமேல் வைத்துக்கொள்ளுங்கள். மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஐபிஎம் நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் 1982-இல் எழுதிவைத்த முறை இது. இன்றுவரை இதைவிட மலிவான முறை வரவில்லை. "இதை அழுத்தட்டுமா?" என்று அவர் உங்களைக் கேட்டால், "நான் இங்கே இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் பேசுவதைவிட அவர் விரலைக் கவனியுங்கள். விரல் திரைக்கு மேலே அசையாமல் நிற்கும் ஒவ்வொரு இடமும் குறித்துக்கொள்ள வேண்டிய இடம்.

இடமும் முக்கியம். தொழிற்சாலை வளாகத்தில், எடை எழுதும் எழுத்தர் பக்கத்தில் நிற்கும்போது, எடைச் செயலியில் குறை சொல்ல எந்த விவசாயியும் துணியமாட்டார். அவர் வீட்டுத் திண்ணையிலோ டீக்கடை பெஞ்சிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "இப்படி ஒன்று வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்ற கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் அதற்கு மதிப்பில்லை. நடந்ததைக் கேளுங்கள்: "போன மாதம் எடையில் சந்தேகம் வந்தபோது என்ன செய்தீர்கள்?" அவர் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வருவார். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் நீல மையில் கிலோக் கணக்கு எழுதியிருக்கும், முன்பணம் வாங்கிய நாளில் ஒரு வட்டம் போட்டிருக்கும். உங்கள் செயலிக்குப் போட்டி அந்தக் காலண்டர்தான். அதைவிட வேகமாகவும் நம்பகமாகவும் இல்லாத வரை உங்கள் செயலியை யாரும் திறக்கப்போவதில்லை.

அலுவலகத்தில் ஓடுகிறது; இலை எடை போடும் இடத்தில் ஓடவில்லை

முதல் படியைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள். ஆளை விசாரித்திருப்பீர்கள், சூழலை விசாரித்திருக்க மாட்டீர்கள். ஐஎஸ்ஓ தரநிலை பயன்பாட்டுச் சூழலை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு.

சாயங்காலம் இலை வண்டி வரும் நேரத்துக்குக் கொள்முதல் மையத்தில் போய் நின்று பாருங்கள். தூறல் விழுந்துகொண்டிருக்கும். தொங்கு தராசின் கொக்கியில் சாக்கு ஆடிக்கொண்டிருக்க, எழுத்தர் ஒரு கையால் சாக்கைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் எண்ணைத் தட்டுவார். கைபேசி பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். விரலும் நனைந்திருக்கும், உறையும் நனைந்திருக்கும். தொடுதிரை, விரல் பட்டதும் தன் மின்புலம் மாறுவதை உணர்ந்து வேலை செய்வது. மழைத்துளியும் மின்சாரத்தைக் கடத்துவதால், தொடாத இடத்தைத் தொட்டதாகத் திரை எடுத்துக்கொள்ளும். 18 கிலோ 118 ஆகும். பின்னால் வரிசையில் நிற்பவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார், சாக்குக்குச் சொந்தக்காரர் சிரிக்கமாட்டார்.

ஆண்ட்ராய்டு வழிகாட்டி தொடும் பொத்தானுக்கு 48 டிபி (ஆண்ட்ராய்டு திரைக்கான அளவு அலகு) என்ற அளவைச் சொல்கிறது. ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.2, 2023-இல் வந்தது, 24 பிக்சலைக் குறைந்தபட்சமாக வைக்கிறது. இவையெல்லாம் காய்ந்த விரலுக்கான கணக்கு என்பது என் அபிப்பிராயம். எடை போடும் திரையில் எண்பலகை பாதித் திரையை அடைத்துக்கொள்ளட்டும். தட்டிய எண் மூன்றடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும் அளவில் இருக்கட்டும். வழக்கத்துக்கு மாறான எடை வந்தால், சேமிப்பதற்கு முன் ஒருமுறை கேட்கட்டும். கைரேகைப் பூட்டை நம்பவே வேண்டாம். கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்துக் காய்ப்பேறிய விரலைப் பல கைபேசிகள் அடையாளம் காண்பதில்லை.

அடுத்தது சிக்னல். மேட்டில் இருக்கும், பள்ளத்தில் இருக்காது, மூடுபனியும் மின்வெட்டும் சேர்ந்த நாளில் எங்குமே இருக்காது. எடை முதலில் கைபேசியிலேயே பதிவாக வேண்டும், சிக்னல் கிடைத்ததும் தானாகப் போக வேண்டும். 'பதிவாகிவிட்டது' என்பதையும் 'அனுப்பப்பட்டுவிட்டது' என்பதையும் தனித்தனியாகக் காட்டுங்கள். இரண்டையும் ஒரே பச்சைக் குறியால் காட்டும் செயலியில் எழுத்தர் சந்தேகப்பட்டு ஒரே சாக்கை இரண்டு முறை பதிவார்.

ஓடிபி வரவில்லை என்ற புகாரை மட்டும் சிக்னலோடு சேர்த்துவிடாதீர்கள். விவசாயியின் அங்கத்தினர் எண்ணோடு பதிவான கைபேசி எண் யாருடையது என்று பாருங்கள். பல வீடுகளில் அது கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகனுடைய எண்ணாக இருக்கும். அப்பா தோட்டத்தில் பொத்தானை அழுத்த, ஓடிபி மகனுக்குப் போகும், மகன் கூட்டத்தில் இருப்பான். இதை எந்தக் குறுஞ்செய்தி நிறுவனத்தாலும் சரிசெய்ய முடியாது. பார்க்கும் உரிமையை இரண்டு எண்களுக்குக் கொடுப்பதுதான் வழி.

இத்தனைக்கும் தேவைப்படுவது ஒரே ஒரு தாள். வெளிச்சம், மழை, கை, சிக்னல், சத்தம், கைபேசி யாருடையது, பக்கத்தில் நிற்பவர் யார். இந்த ஏழு விஷயங்களையும் இடத்தில் நின்றே நிரப்புங்கள். அலுவலகத்துக்கு வந்து நினைவிலிருந்து நிரப்பினால் அது கற்பனையாகிவிடும்.

தகவல் திரையில் இருக்கிறது. ஆனாலும் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது

இதுதான் எனக்குப் பிடித்த கோளாறு. இது இரண்டாம் படியின் பலவீனத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

ஒரு தொழிற்சாலை "விவசாயிகளுக்கு டாஷ்போர்டு வேண்டும்" என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவும் செய்துகொடுக்கிறது. மாத மொத்தம், போன மாதத்தோடு ஒப்பீடு, அழகான ஒரு வரைபடம். ஆனாலும் இலை கொடுத்த அன்றே தொழிற்சாலைக்குத் தொலைபேசி போகிறது. திரையில் எல்லாம் இருக்கிறதே, ஏன் கேட்கிறார்கள் என்று எழுத்தர் சலித்துக்கொள்கிறார்.

அந்த அழைப்புகளை ஒரு வாரம் உட்கார்ந்து கேளுங்கள். மொத்தத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் கழிவைப் பற்றி. மழை நாளில் ஈரத்துக்கும் சாக்குக்கும் சேர்த்து எடையில் ஒரு பங்கைக் கழிப்பது வழக்கம். எத்தனை கிலோ கழித்தார்கள், நேற்றைவிட இன்று ஏன் கூடுதல், பக்கத்துத் தோட்டத்துக்கும் அதே அளவா என்பதுதான் அவர் அறிய விரும்புவது. பச்சைத் தேயிலையின் விலை குன்னூர் ஏலத்தின் போக்கை ஒட்டி மாறுவது, அது அவர் கையில் இல்லை. கழிவு கண்ணெதிரே நடப்பது, அப்போதே கேட்டால் பேச முடியும். வண்டி நகர்ந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே "டாஷ்போர்டு வேண்டும்" என்பது பிரச்சினை அல்ல, யாரோ முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட தீர்வு. பிரச்சினை வாக்கியத்தை இப்படித் திருத்தி எழுதுங்கள்: 'இலை வண்டி நகர்வதற்குள், தன் இலையில் எவ்வளவு கழிக்கப்பட்டது, எதற்காக என்பதை விவசாயி தெரிந்துகொள்ள வேண்டும்.' அதில் யார், எப்போது, எது என்ற மூன்றும் இருக்கின்றன. செயலி என்ற சொல்லோ திரை என்ற சொல்லோ இல்லை. பிரச்சினை வாக்கியத்துக்கு நான் வைக்கும் சோதனையே அதுதான்: தீர்வின் பெயர் அதற்குள் நுழைந்திருந்தால் திருப்பி எழுதுங்கள்.

இப்படி எழுதிய பிறகு மூன்றாம் படிக்குப் போனால் வரையும் படங்களே மாறிவிடும். மொத்த எடை, கழிவு, நிகர எடை என்று மூன்றே வரி கொண்ட குறுஞ்செய்தி ஒன்று. தராசுக்குப் பக்கத்தில் சின்ன அச்சுப்பொறி வைத்து ஒரு சீட்டு கிழித்துக் கொடுப்பது இன்னொன்று. எடை எழுதும் திரையையே விவசாயியின் பக்கம் திருப்பிவைப்பது மூன்றாவது. மூன்றாவதற்குச் செலவே இல்லை. டாஷ்போர்டு கேட்ட இடத்தில் ஒரு சீட்டை நீட்டினால் நிர்வாகம் முகம் சுளிக்கும்தான். அதற்காகத்தான் தொலைபேசி அழைப்புகளின் குறிப்பைக் கையில் வைத்திருக்கச் சொல்கிறேன்.

முன்பதிவை ஆரம்பிக்கிறார்கள்; பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள்

இது விடுதிக்காரர்களின் புகார். எந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறார்கள் என்பதைக் கணக்கே காட்டிவிடும். ஏன் நிற்கிறார்கள் என்பதைக் காட்டாது.

ஓர் உதாரணம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடைப் பருவத்துக்கு நீலகிரியில் வாரநாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. விருந்தினர் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நல்ல எண்ணத்தோடு விடுதிக்காரர் முன்பதிவுப் படிவத்திலேயே வாகன எண்ணைக் கட்டாயமாகக் கேட்கிறார். வாடகைக் காரில் வருபவருக்கு அந்த எண் புறப்படும் அன்றுதான் தெரியும். அரசுப் பேருந்தில் வருபவருக்கு இ-பாஸே தேவையில்லை. இருவரும் அந்தக் கட்டத்தில் நின்று, வேறு விடுதியின் பக்கத்தைத் திறக்கிறார்கள்.

விருந்தினரின் பயணம் உங்கள் பக்கத்தில் தொடங்குவதில்லை. வீட்டில் தேதி பேசுவதில் தொடங்கி உங்கள் கேட்டைத் தாண்டும் வரை ஒரு கோடு போட்டு, எந்தத் தகவல் அவர் கைக்கு எப்போது வருகிறது என்று குறியுங்கள். பெயர், தேதி, ஆள் எண்ணிக்கை முன்பதிவின்போது. இ-பாஸ் நினைவூட்டல் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வாட்ஸ்அப்பில். வாகன எண்ணைக் கேட்கவே வேண்டாம், அது உங்களுக்கு எதற்கு?

ஒவ்வொரு சோதனைச் சுற்றிலும் வேறு வேறு பிழை வருகிறது

ஆட்களைக் கலந்து வைத்துச் சோதிக்கிறீர்கள். ஐந்து பேரிடம் சோதித்தால் பயன்பாட்டுப் பிழைகளில் ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதை எல்லோரும் சொல்வார்கள். ஒருவரிடம் சோதித்தால் சராசரியாக 31 சதவீதம் தெரியும் என்ற கணக்கிலிருந்து வந்தது அது. ஐந்து பேரும் ஒரே மாதிரி ஆட்கள் என்பது அதில் அடங்கிய நிபந்தனை. விவசாயி ஒருவர், இலை ஏஜென்ட் ஒருவர், எழுத்தர் இருவர், மேலாளர் ஒருவர் என்று ஐந்து பேரைச் சேர்த்தால் அது ஐந்து ஆகாது. மூன்று வகையினர் இருந்தால் வகைக்கு மூன்று பேர் என்பது அவரே சொன்ன கணக்கு. ஒரே நாளில் பெரிய சோதனை வைப்பதைவிட, சிறிதாகச் சோதித்துத் திருத்தி மறுபடி சோதிப்பது பலன் தரும்.

பொத்தானில் தமிழ் எழுத்து வெட்டுப்படுகிறது

ஆங்கிலத்தில் வரைந்துவிட்டு, கடைசியில் தமிழை ஊற்றியிருக்கிறீர்கள். தமிழ்ச் சொல் நீளம் அதிகம். மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். முன்மாதிரியின் முதல் நாளிலிருந்தே உண்மையான தமிழ் வாசகத்தை வையுங்கள். எழுத்துருவைச் சிறிதாக்கிச் சமாளிக்காதீர்கள். படிப்பவர்களில் பாதிப்பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள்.

கூட்டத்தில் கடைசியாகப் பேசுபவரின் விருப்பமே வெல்கிறது

ஒரே ஒரு படத்தை வரைந்துகொண்டு போனால் அப்படித்தான் நடக்கும். மூன்று படங்கள் கொண்டுபோங்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதைப் படங்களைக் காட்டுவதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பதவியில் பெரியவர் பச்சை நிறம்தான் வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள். நிறத்துக்காகச் சண்டையிட்டால் கழிவு வரிக்காகச் சண்டையிடத் தெம்பு இருக்காது.

மாற்றிவிட்டோம், நன்றாகிவிட்டதா என்று தெரியவில்லை

மாற்றுவதற்கு முன் அளக்கவில்லை. ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல் என்ற, பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனரே மதிப்பிடும் பத்து வாக்கியப் படிவம் இதற்குப் போதும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியங்களில் மதிப்பெண்ணிலிருந்து 1-ஐக் கழியுங்கள். இரட்டைப்படையில் 5-இலிருந்து மதிப்பெண்ணைக் கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்குங்கள். 68 என்பது பொதுவாகச் சராசரியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. வரும் எண் சதவீதம் அல்ல என்பதை நிர்வாகத்துக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் 70-ஐப் பரீட்சை மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டு வருத்தப்படுவார்கள்.

படிவம் நிரப்பப் பொறுமையில்லாதவர்களிடம் எளிய அளவுகள் போதும்: ஒரு சாக்கைப் பதிய எத்தனை வினாடி, திருத்திய பதிவுகள் எத்தனை, கழிவு பற்றிய அழைப்புகள் எத்தனை. இதில் ஏமாந்துபோக ஓர் இடம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து இலை குறையும். இலை குறைந்தால் அழைப்பும் குறையும். அக்டோபரில் அளந்து, ஜனவரியில் மறுபடி அளந்து, 'புகார் பாதியாகிவிட்டது' என்று மார்தட்டும் குழு உறைபனியின் வேலைக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறது. நூறு சாக்குக்கு எத்தனை அழைப்பு என்று கணக்கிடுங்கள், முடிந்தால் அதே பருவத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்த வேலையை மறுபடி ஒன்றுமில்லாமல் தொடங்குகிறோம்

படிகள் நடந்தன, பதிவுகள் நடக்கவில்லை. வடிவமைப்பாளர் பெங்களூருவில் வேலை கிடைத்துப் போய்விட்டால், எண்பலகை ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. புதிதாக வந்தவர் அழகுக்காக அதைச் சிறிதாக்குவார். மழைக்காலத்தில் 118 கிலோ திரும்பி வரும். ஒவ்வொரு முடிவுக்கும் நான்கு வரி எழுதுங்கள்: தேதி, முடிவு, அதற்கு ஆதாரமாகப் பார்த்தது, எது மாறினால் இந்த முடிவை மாற்றலாம். நான்காவது வரியை யாரும் எழுதுவதில்லை. பின்னால் வருபவருக்குப் பயன்படுவது அதுதான். 'கொள்முதல் மையத்துக்குக் கூரை போட்டால் எண்பலகையைச் சிறிதாக்கலாம்' என்று எழுதியிருந்தால் அவர் கூரையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்.

எதுவும் பொருந்தவில்லை

அப்போது பழுது வடிவமைப்பில் இல்லை. தராசு தவறான எடையைக் காட்டலாம்; மின்னணுத் தராசின் முத்திரை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது, அதன் தேதியைப் பாருங்கள். பணம் தாமதமாக வரலாம். கழிவுக்கு விதியே இல்லாமல், எழுத்தரின் மனநிலைக்கு ஏற்பப் பிடிக்கப்படலாம். இவற்றில் எதையும் திரை சரிசெய்யாது. தெளிவான திரை இருந்தால் சண்டை இன்னும் சீக்கிரம் வரும், அவ்வளவுதான். பார்த்ததை ஆதாரத்தோடு எழுதி, அதைச் சரிசெய்ய அதிகாரமுள்ளவரின் பெயரைப் பக்கத்தில் குறித்து, நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டு, உங்கள் பட்டியலிலிருந்து அந்த வரியை அடித்துவிடுங்கள்.